கரைவாகுப் பற்றின் பழைய மோட்டார் சைக்கிள்கள்

பெரியகல்லாற்றைக் கடந்து தெற்கே வரும் பெருந்தெரு, பெரியநீலாவணை, மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று ஊரோடு ஊர் முட்டிக்கொண்டு, கிழக்கே கடலும் மேற்கே வயல்வெளியுமாக அக்கரைப்பற்று வரை நீண்டு போகிறது. முன்னாளிற் கரைவாகுப் பற்று, நிந்தவூர்ப் பற்று, அக்கரைப் பற்று என வகுக்கப்பட்டிருந்த இந்தக் கரையோரத்தின் அண்மைக்காலச் சரித்திரத்தை, அதாவது எங்கள் வாப்பாமாரும் அவர்களின் வாப்பாமாரும் உழைத்து வாழ்ந்த காலத்தின் சரித்திரத்தை எழுத முற்படுகிறவர்கள், காணி உறுதிகளையும் பள்ளிவாசற் கணக்குகளையும் பாடசாலைப் பதிவேடுகளையும் தேடிப் போவது வழக்கம். அவற்றோடு சேர்த்துப் பார்க்கத்தக்க இன்னோர் ஆதாரமும் நம்மிடையே உண்டு என்பது என் அபிப்பிராயம். வீட்டுக் கோடிகளிலும் கராஜ் மூலைகளிலும் சாக்குப் போர்த்துக் கிடக்கின்ற பழைய ஆங்கில மோட்டார் சைக்கிள்களையே சொல்கிறேன். அவற்றைத் திருத்தி மீண்டும் ஓடவைக்க வேண்டும் என்னும் ஆசை இப்போது நம் இளைஞரிடையே பரவி வருவதால், திருத்துகிற ஆர்வத்தில் அழிந்துபோகக்கூடியது எது என்பதைப் பற்றிச் சற்று விரிவாக எழுதுவது அவசியமென்று தோன்றுகிறது.

இந்தப் பக்கத்துக்கு யந்திர வாகனம் வந்த வழியே கடினமான வழி. மட்டக்களப்பு வாவியைக் கடக்கும் கல்லடிப் பாலம் 1924இல் திறக்கப்படும்வரை, தெற்கே போக வேண்டிய எந்த வாகனமும் தண்ணீர்க் கரையில் நின்று, பாதை எனப்படும் மிதவையில் ஏறித்தான் அக்கரை சேரவேண்டும். மட்டக்களப்புக்குப் புகைவண்டி வந்தது 1928இல்; அந்தத் தண்டவாளம் அதற்குத் தெற்கே ஓரடியும் நகரவில்லை. ஆகவே கொழும்புத் துறைமுகத்தில் இறங்கிய ஒரு மோட்டார் சைக்கிள் கல்முனைக்கு வருவதாயின், மட்டக்களப்பு வரை புகைவண்டியிலும் பின்னர் ஏறத்தாழ இருபத்தைந்து மைல் தெருவிலும், அல்லது இரத்தினபுரி, வெல்லவாய, மொனராகலை, பொத்துவில் என்று தெற்கைச் சுற்றிவரும் நெடுந்தெருவிலும் வரவேண்டியதாயிற்று. இவ்வளவு தூரம் கடந்து வந்த பொருளை நம்மவர் எளிதிற் கைவிடவில்லை என்பதில் ஆச்சரியமில்லை.

வந்த வாகனத்துக்கு இங்கே வேலையும் இருந்தது. போடிமார் எனப்படும் வயற்சொந்தக்காரருட் பெரியவர்கள் மோட்டார் கார் வாங்கினார்கள். சாதாரண மக்கள் மாட்டுக் கரத்தையிலும் பஸ்ஸிலும் துவிச்சக்கர வண்டியிலும் போனார்கள். இவ்விரு சாராருக்கும் நடுவே, தூரம் போகவேண்டிய தொழிலும் மட்டான வருமானமும் உள்ள ஒரு வகுப்பு இருந்தது. ஊரிலிருந்து பல மைல் உள்ளே கிடக்கும் வயல் வட்டைகளைப் பார்த்துவர வேண்டிய நடுத்தரப் போடியார், வாய்க்கால் மேற்பார்வைக்குப் போகும் ஓவசியர், சம்மாந்துறையிலிருந்து கல்முனைக்குப் படிப்பிக்க வரும் ஆசிரியர், மருதமுனைத் தறிகளுக்கு நூல் கொண்டுவந்து புடவை கொண்டுபோகும் வியாபாரி முதலியோருக்கு, வயல் வரம்போரத்து வண்டிப் பாதையிலும் ஓடக்கூடியதும், நனைந்த மண்ணிற் புதைந்தால் இறங்கித் தள்ளக்கூடியதுமான மோட்டார் சைக்கிள் மிகவும் உவப்பான வாகனமாயிற்று.

முதலில் எண்ணத்தக்கவை யுத்தம் விட்டுப்போனவை. 1942 ஏப்ரில் 9ஆந் திகதி ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கின. அன்றைய தினமே ஹெர்மிஸ் என்னும் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக் கடலில் மூழ்கடிக்கப்பட்டது. அதன்பின் இத்தீவின் இராணுவ முக்கியத்துவம் பெருகி, 1944இல் தென்கிழக்காசியக் கட்டளைத் தலைமையகமே கண்டிக்கு வந்து சேர்ந்தது. பிரித்தானியப் படைகளில் கடிதங்களும் கட்டளைகளும் கொண்டோடியவர்களின் வாகனங்களுள் நோர்ட்டன் 16 எச்., பி.எஸ்.ஏ. எம். 20 என்ற இரண்டும் பிரதானமானவை. பேர்மிங்காம் நகரத்துத் துப்பாக்கித் தொழிலாளர் 1861இல் ஒன்றுகூடி அமைத்த பி.எஸ்.ஏ. கம்பனியின் ஸ்மோல் ஹீத் தொழிற்சாலையை 1940 நவம்பர் 19ஆந் திகதி இரவு ஜெர்மன் விமானங்கள் குண்டுவீசித் தகர்த்தபோது, வேலையில் இருந்த 53 பேர் இறந்தனர். அதன் பின்னரும் அந்தக் கம்பனி வேலையை நிறுத்தாமல், யுத்த காலத்தில் மாத்திரம் ஏறக்குறைய 126,000 எம். 20 சைக்கிள்களைச் செய்து கொடுத்தது. 496 சி.சி. கொள்ளளவும் 13 குதிரைவலுவும் உடைய அந்தப் பக்கவால்வு எஞ்சின் வேகத்துக்குப் பேர்போனதல்ல. மட்டமான பெற்றோலைக் குடித்துக்கொண்டு, அதிக பராமரிப்பைக் கேளாமல், பாரம் இழுப்பதற்கே பேர்போனது. யுத்தம் முடிந்து இராணுவம் கழித்துவிட்ட பிறகு உலகத்தின் பல பாகங்களில் அது சிவில் வாழ்வுக்கு வந்ததன் காரணமும் இதுவே.

இராணுவத்திலிருந்து வந்த எம். 20ஐ அடையாளம் காண்பது கடினமல்ல. அதன் இரும்புச் சட்டத்தின் எண்ணுக்கு முன்னே டபிள்யூ.எம். 20 என்ற எழுத்துகள் அடிக்கப்பட்டிருக்கும். பெற்றோல் டாங்கியின் பக்கத்தில், சி என்ற எழுத்தை முன்னிட்ட இராணுவ இலக்கம் ஒன்று எழுதப்பட்டிருந்திருக்கும். அதன்மேல் நம்மவர் எத்தனை முறை பெயின்ட் அடித்திருந்தாலும், ஈரமான நுண்ணிய உரைதாளால் ஒவ்வொரு படையாகப் பொறுமையோடு தேய்த்து வருகிறவருக்கு, காக்கிப் பச்சை நிறம் தோன்றும் இடத்தில் அந்த இலக்கத்தின் சாயை சில சமயம் கிடைக்கும். டாங்கியை மணலடித்து ஒரேயடியாக வெள்ளை இரும்பாக்கி விடுகிறவருக்கு அது ஒருபோதும் கிடையாது. மின்சாரம் பிறப்பிக்கும் லூக்காஸ் உறுப்பின் உடலிலும் அது செய்யப்பட்ட மாதமும் வருஷமும் சிறிய எண்களாகப் பதிந்திருக்கும். சட்டம் 1941ஆம் ஆண்டினதாகவும் அந்த உறுப்பு 1954ஆம் ஆண்டினதாகவும் இருந்தால், யுத்தத்துக்குப் பின் எப்போதோ ஒரு கராஜில் பழையது கழற்றப்பட்டு வேறொன்று பூட்டப்பட்டது என்பது, அதைச் செய்தவர் எதுவும் எழுதி வைக்காவிட்டாலும் தெளிவாகிறது.

எனினும் எங்கள் ஊர்களின் உள்ளத்துக்கு நெருங்கிய வாகனம் என்று நான் மதிப்பது எம். 20 அன்று, அதைவிடச் சிறியதான பான்டம். அதன் பிறப்பு வேடிக்கையான பூர்வோத்தரம் உடையது. ஜெர்மனியின் சக்சனி மாகாணத்தில் ட்ஷோபாவ் என்னும் ஊரில் இருந்த டி.கே.டபிள்யூ. கம்பனி 1939இல் ஆர்.டீ. 125 என்ற இருவீச்சு எஞ்சின் சைக்கிளை வெளியிட்டது. யுத்தத்தில் ஜெர்மனி தோற்றபோது அதன் வரைபடங்கள் நஷ்டஈட்டின் ஒரு பகுதியாக வெற்றி பெற்ற தேசங்களுக்குச் சென்றன. அமெரிக்காவில் ஹார்லி டேவிட்சனும் ரஷ்யாவில் மாஸ்கோத் தொழிற்சாலையும் அதைச் செய்தன; பி.எஸ்.ஏ. கம்பனி அதைக் கண்ணாடியிற் பார்த்ததுபோல் இடம் வலமாக மாற்றி, கியர் மிதியை ஆங்கில வழக்கப்படி வலக்காலுக்குக் கொண்டுவந்து, 1948இல் பான்டம் டி. 1 என்று வெளியிட்டது. அந்நியச் செலாவணிக்காகப் பிரித்தானியா தவித்துக்கொண்டிருந்த காலம் அது; செய்வதையெல்லாம் ஏற்றுமதி செய் என்பதே அரசாங்கத்தின் கொள்கை. 52 மில்லிமீற்றர் சிலிண்டரும் 58 மில்லிமீற்றர் வீச்சும் கொண்டு 123 சி.சி. கொள்ளளவு உடையதாய், மூன்று கியரோடு, பெற்றோலில் எண்ணெயைக் கலந்து ஊற்றி ஓட்டுவதாய், எழுபது கிலோ அளவே நிறையுள்ளதாய் வந்த அந்தச் சைக்கிள், இளம்பச்சை நிறமும் டாங்கியின் இருபக்கத்திலும் தந்த நிறமும் கொண்டு பார்வைக்கு மிக அழகாயிருந்தது. இங்கிலாந்தில் தந்திப் பையன்கள் சிவப்பு பான்டத்தில் ஓடினார்கள். ஆஸ்திரேலியாவில் ஆட்டுப்பட்டிக்காரர் ஓட்டினார்கள். நம் ஊரில் வாத்தியாரும் ஓவசியரும் ஓட்டினார்கள்.

பான்டம் வெளிவந்த மறுவருஷம், 1949இல், கல்லோயா அபிவிருத்திச் சபை அமைக்கப்பட்டு, இங்கினியாகலையில் அணை கட்டும் வேலை அமெரிக்காவின் மொரிசன் நூட்சன் கம்பனியிடம் ஒப்படைக்கப்பட்டது. எங்கள் வயல்களுக்குத் தண்ணீர் வரும் முறையையும், பின்னர் எங்கள் பிரதேசத்தின் குடிசனப் பரம்பலையும் அரசியலையும் மாற்றிவிட்ட அந்தத் திட்டத்தைப் பற்றி எழுதுவதற்கு இது இடமன்று. இங்கே சொல்ல வேண்டியது ஒன்றே: மண்வெட்டியும் கலப்பையுமே பெரிய ஆயுதமாயிருந்த ஒரு நாட்டுப்புறத்தில், மலைபோன்ற மண்வாரி யந்திரங்களும், அவற்றைப் பழுதுபார்க்கும் பணிமனைகளும் திடீரெனத் தோன்றின. கரையோரத்து இளைஞர் யந்திர வேலையிற் கைதேர்ந்ததற்கு அந்தப் பணிமனைகளின் அயல் ஒரு பிரதான காரணம் என்று நான் நினைக்கிறேன். 1961இல் அம்பாறை தனி மாவட்டமாகப் பிரிந்தபோது, கல்முனைத் தெருவில் மோட்டார் திருத்தும் பட்டறை புதுமையான காட்சியாக இருக்கவில்லை.

இனி இலக்கப் பலகையைப் பார்ப்போம். இலங்கையில் ஒரு வாகனத்துக்குக் கொடுத்த இலக்கம், உரிமையாளர் எத்தனை பேர் மாறினாலும், அந்த வாகனத்தின் ஆயுள் உள்ளவரை அதனோடேயே இருக்கும். சிலோன் என்ற தேசப் பெயரின் ஆங்கில எழுத்துகளில் இரண்டிரண்டைக் கோத்து, சி.ஈ., ஈ.எல்., ஈ.என்., ஈ.வை. என்றெல்லாம் முன்னெழுத்திட்டு ஒரு காலத்தில் இலக்கம் கொடுக்கப்பட்டது. 1957 ஜனவரி தொடக்கம் புதிதாகப் பதியும் வாகனங்களுக்கு அந்த ஆங்கில எழுத்துகளுக்குப் பதிலாகச் சிங்களத்து ஸ்ரீ எழுத்தே இடப்படும் என்று அரசாங்கம் விதித்தது. முந்தைய ஆண்டில் சிங்களம் மட்டும் சட்டம் நிறைவேறியிருந்தமையால், வடக்கிலும் கிழக்கிலும் தமிழ் பேசும் மக்களின் மனம் இதனாலும் புண்பட்டது. தமிழரசுக் கட்சி எதிர்ப்பு இயக்கம் நடத்தியது. தமிழ் எழுத்தாற் பொறித்த பலகையோடு தலைவர்கள் கார் ஓட்டிச் சென்று தண்டனையை ஏற்றார்கள். 1958இல் புதிதாக அரசுடைமையான பஸ்கள் அந்த எழுத்தோடு வடக்கே வந்தபோது தார் பூசப்பட்டது. தெற்கே தமிழ்ப் பெயர்ப் பலகைகளுக்குத் தார் பூசப்பட்டது. அந்த வருஷம் நாட்டில் மூண்ட கலவரத்தின் துயரம் எல்லோரும் அறிந்ததே. ஒரு பழைய மோட்டார் சைக்கிளின் பலகையில் ஈ.என். என்று இருக்கிறதா, ஸ்ரீ என்று இருக்கிறதா என்பதைக் கொண்டு அது 1957க்கு முன் பதியப்பட்டதா பின் பதியப்பட்டதா என்று ஒரு நொடியிற் சொல்லிவிடலாம். பழைய பாணியிற் பலகையை மாற்றி எழுதுவித்து அழகு பார்க்கிறவர்கள், இந்த எழுத்துகளுக்குப் பின்னால் இருக்கும் சரித்திரத்தையும் சேர்த்தே அழிக்கிறார்கள் என்பதை உணர வேண்டும்.

இப்போது நான் மிகவும் முக்கியமாகக் கருதும் காலத்துக்கு வருகிறேன். 1960ஐ அடுத்து அந்நியச் செலாவணி நெருக்கடி முற்றியபோது, மோட்டார் வாகன இறக்குமதி வெகுவாகக் கட்டுப்படுத்தப்பட்டது. 1970க்குப் பின் அந்தக் கட்டுப்பாடு இன்னும் இறுகியது. 1977இல் ஆட்சி மாறிப் பொருளாதாரம் திறக்கப்படும் வரையில், ஒரு தலைமுறை முழுவதும் இருந்த வாகனத்தைக் கொண்டே காலந்தள்ள வேண்டியதாயிற்று. அதற்குள் ஸ்மோல் ஹீத் தொழிற்சாலையே தள்ளாடத் தொடங்கியிருந்தது, 1971உடன் பான்டத்தின் உற்பத்தி நின்றது, 1973இல் பி.எஸ்.ஏ. கம்பனி வேறு ஸ்தாபனங்களோடு இணைக்கப்பட்டுத் தன் தனித்துவத்தை இழந்தது. 1955இல் சென்னையில் தொடங்கப்பட்டுத் திருவொற்றியூரில் வேரூன்றிய என்ஃபீல்டு இந்தியா கம்பனியின் புல்லட்டுக்கு அந்தக் கதி நேரவில்லை. இங்கிலாந்தில் தாய்க் கம்பனி மூடப்பட்ட பின்னரும் சென்னையில் உற்பத்தி தொடர்ந்தமையால், புல்லட் வைத்திருந்தவருக்குச் சாமான் கிடைக்கும் வழி அடைபடவில்லை. பான்டம் வைத்திருந்தவருக்கோ, கொழும்புப் பஞ்சிகாவத்தையில் பழைய இரும்புக் குவியலிடையே தேடி அலைவதும், அதுவும் கைகூடாவிட்டால் ஊரிலேயே செய்வித்துக்கொள்வதும் தவிர வேறு வழி இருக்கவில்லை.

ஊரிற் செய்தவர்கள் யார்? மருதமுனைத் தறிகளுக்கு உறுப்புச் செய்து பழகிய கம்மாலைக்காரர். கடைச்சல் இயந்திரம் வைத்திருந்த பட்டறைக்காரர். அவர்களைவிடவும் முக்கியமாக, மீன்பிடித் தோணியின் எஞ்சின் திருத்துகிறவர்கள். 1958 தொடக்கம் இலங்கையில் மீன்பிடி வள்ளங்கள் யந்திரமயமாக்கப்பட்டன. கடலோரமெங்கும் வெளியிணைப்பு எஞ்சின்கள் பரவின; அவற்றுட் பல, பான்டத்தைப் போலவே, எண்ணெய் கலந்து ஊற்றும் இருவீச்சு எஞ்சின்கள். நான்கு வீச்சு எஞ்சினிற் பழகியவர் பான்டத்தைக் கண்டு மயங்கும் இடத்தில், வள்ளத்து மெக்கானிக் மயங்குவதில்லை: கிராங்க்கேஸில் காற்று அடைபட்டிருக்க வேண்டும், அச்சின் இரு முனைகளிலும் உள்ள சீல் தேய்ந்து காற்றுக் கசிந்தால் எஞ்சின் ஸ்டார்ட் ஆகாது, கார்பரேட்டரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை என்பது அவருக்குக் கைப்பாடம். இவ்விடத்தில் ஓர் இனிய உறவையும் குறிப்பிட வேண்டும். நம் கரையில் அதிகம் காணப்படும் யமஹா எஞ்சினைச் செய்யும் கம்பனி, 1955இல் தன் முதல் மோட்டார் சைக்கிளாக வெளியிட்ட வை.ஏ. 1ம் அதே ட்ஷோபாவ் ஊரின் ஆர்.டீ. 125ஐப் பார்த்துச் செய்யப்பட்டதே. அந்த வழியிற் பார்த்தால், கல்முனைக்குடிக் கடற்கரையில் யமஹா திருத்திய கை, பான்டத்தைத் திருத்தியபோது அதே குடும்பத்தின் இன்னொரு கிளையைத்தான் தொட்டது.

1977க்குப் பின் ஜப்பானிய சைக்கிள்கள் வெள்ளம்போல் வந்தன. ஹொண்டாவின் சிறிய சைக்கிள்கள் பெற்றோலைச் சிக்கனமாகக் குடித்தன, உதைத்தவுடன் ஓடின, எண்ணெய் ஒழுக்கவில்லை. பழைய ஆங்கில சைக்கிள்கள் கொட்டிலுக்குள் ஒதுங்கின. பிறகு உள்நாட்டு யுத்தம். தெருக்கள் அடைபட்டதும், சோதனைச் சாவடிகளில் வாகனப் பத்திரம் காட்டி நின்றதும், எத்தனையோ குடும்பங்கள் ஊர் விட்டு ஊர் பெயர்ந்ததும் இக்கரையோரத்து மக்கள் அனைவரும் பட்டவை. அந்த யுத்தம் ஓய்ந்திருந்த நாட்களில், 2004 டிசம்பர் 26ஆந் திகதி காலை, கடல் வந்தது. அம்பாறை மாவட்டத்தில் மாத்திரம் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. இலங்கையில் அதிக உயிர்களை இழந்த மாவட்டம் இதுவே. மருதமுனையிலும் கல்முனைக்குடியிலும் சாய்ந்தமருதிலும் கடலை ஒட்டிய குடியிருப்புகள் வரிசை வரிசையாக அழிந்தன. மனிதர் போன இடத்தில் காகிதத்தைப் பற்றிப் பேசுவது சிறுமையாகத் தோன்றலாம். ஆயினும் சரித்திரம் எழுதுகிறவன் அதையும் சொல்லத்தான் வேண்டும். வாகனப் பதிவுப் புத்தகம், வாங்கிய பற்றுச்சீட்டு, அதன்மேல் வாப்பா ஏறி நின்ற புகைப்படம் ஆகிய எல்லாமே அந்த வீடுகளின் அலுமாரிகளோடு போயின. இரும்பு மாத்திரம் சேற்றுக்குள் கிடந்து மீண்டது.

ஆகவேதான் நம் ஊரில், காகிதத்தைக் கொண்டு இரும்பை அறிவதற்குப் பதிலாக, இரும்பைக் கொண்டு காகிதத்தைத் தேட வேண்டியிருக்கிறது. அது இயலாத காரியமன்று. 1946இல் இங்கிலாந்தில் நிறுவப்பட்ட பழைய மோட்டார் சைக்கிள் கழகம், வின்டேஜ் மோட்டார் சைக்கிள் கிளப் என்பது, மூடப்பட்ட பல கம்பனிகளின் தொழிற்சாலைப் பேரேடுகளைச் சேகரித்துப் பாதுகாத்து வைத்திருக்கிறது. சட்டத்தின் எண்ணையும் எஞ்சினின் எண்ணையும் எழுதிக் கேட்டால், அந்தச் சைக்கிள் எந்தத் திகதியில் தொழிற்சாலையை விட்டு வெளியேறியது, யாருக்கு அனுப்பப்பட்டது என்பதைப் பேரேட்டிலிருந்து எடுத்துச் சொல்வார்கள். இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை. சட்டத்தின் எண்ணும் எஞ்சினின் எண்ணும் ஒன்றாக இருந்தால்தான் சைக்கிள் கலப்பில்லாதது என்றொரு நம்பிக்கை சந்தையில் நிலவுகிறது. பி.எஸ்.ஏ. கம்பனியின் ஐம்பதுகளின் காலத்துச் சைக்கிள்களுக்கு அது பொருந்தாது. அவற்றில் இரண்டும் வெவ்வேறு எண்களே. எந்தச் சட்டத்தோடு எந்த எஞ்சின் புறப்பட்டது என்பதைப் பேரேடுதான் சொல்லும். இதை அறியாமல், இரண்டையும் ஒன்றாக்கினால் விலை கூடுமென்று எண்ணிப் பழைய எண்ணை அரத்தால் தேய்த்துப் புதிய எண் அடிக்கிறவர்கள், சட்டப்படி குற்றம் செய்வது ஒருபுறமிருக்க, அந்தச் சைக்கிளைப் பற்றி அறியக்கூடிய ஒரே வழியையும் தம் கையாலேயே அடைத்துவிடுகிறார்கள்.

சாய்ந்தமருதில் ஒரு கராஜில், ஓர் ஆசிரியர் வைத்திருந்த பான்டத்தை அவருடைய மகன் திருத்துவிப்பதை அருகிருந்து பார்த்தேன். ஹாண்டில் திரும்பும் தலைக்குழாயின் பக்கத்தில் சட்டத்தின் எண் இருக்க வேண்டும். ஆனால் அவ்விடத்தில் பெயின்ட் ஒரு மேடுபோல் உறைந்திருந்தது. மெக்கானிக் உரைதாளைத் தொடவில்லை. பெயின்ட் கரைக்கும் மருந்தைத் துணியில் நனைத்து ஒற்றி ஒற்றி எடுத்தார்: மேலே சிவப்பு, அதன் கீழே கறுப்பு, அதன் கீழே தோணிக்கு அடிக்கும் நீலம், எல்லாவற்றுக்கும் கீழே, ஒரு விரல் அகலத்துக்கு, அந்த இளம்பச்சை. பின்னர் வெள்ளைச் சோக்கைக் குறுக்கே தேய்த்து விரலால் துடைத்தபோது, இரும்பின் பள்ளத்திற் சோக்கு தங்கி, வை.டி. 1 என்ற எழுத்துகளும் அவற்றின் பின்னே எண்ணும் ஒவ்வொன்றாக வெளுத்துத் தெரிந்தன. பின்பக்க மட்காட் தொழிற்சாலையினது அல்ல. எண்ணெய்ப் பீப்பாவின் தகட்டை வெட்டிச் சுத்தியலால் வளைத்தது. அமல் கார்பரேட்டர் இருந்த இடத்தில் ஒரு ஜப்பானியக் கார்பரேட்டர், கடைந்தெடுத்த அலுமினிய வளையம் ஒன்றின் துணையோடு இறுக்கப்பட்டிருந்தது. கிக் அச்சின் புஷ்ஷைக் கழற்றிப் பார்த்தபோது, அது வள்ளத்தின் சுழலி அச்சுக்குப் போடும் பித்தளையிற் கடைந்தது என்று மெக்கானிக் கண்டுபிடித்தார்.

“இதெல்லாத்தையும் எறிஞ்சிட்டு இங்கிலாந்துச் சாமான் எடுப்பமா காக்கா?” என்று மகன் கேட்டார்.

“மட்காட்ட மாத்துங்க தம்பி, காபரேட்டர மாத்துங்க. இந்தப் புஷ்ஷ எறிய ஏலா. உங்கட வாப்பாட காலத்துல ஆரோ நல்ல வேலக்காரன் கடஞ்சது. இன்னும் தேயல்ல” என்றார் அவர்.

இங்கிலாந்தில் இன்றும் பான்டத்துக்குரிய உறுப்புகளைப் புதிதாகச் செய்து விற்பவர்கள் இருக்கிறார்கள். பணமும் பொறுமையும் இருந்தால் ஏறக்குறைய முழுச் சைக்கிளையும் அஞ்சலில் வரவழைத்துவிடலாம். அவ்வாறு வரவழைத்துப் பளபளப்பாகச் செய்த சைக்கிள்களைக் கண்காட்சிகளிற் பார்த்திருக்கிறேன். அவை அழகானவை, ஆனால் பேர்மிங்காமில் ஒருவர் திருத்தியதற்கும் கல்முனையில் ஒருவர் திருத்தியதற்கும் அவற்றில் வேறுபாடு காண முடியாது. தொழிற்சாலை பேரேடு எழுதி வைத்தது. நம் ஊர்த் தொழிலாளர் எதையும் எழுதி வைக்கவில்லை. அவர்கள் இருந்தார்கள், இப்படி வேலை செய்தார்கள் என்பதற்கு அந்தப் பித்தளைப் புஷ்ஷும், பீப்பாத் தகட்டு மட்காட்டும், அலுமினிய வளையமுமே சாட்சி. தொழிற்சாலையிற் பூட்டியதை மீட்டெடுக்க வேண்டும் என்ற ஆவலை நான் மறுக்கவில்லை. மட்காட்டை மாற்றுவதும் நியாயமே. மாற்றுமுன் படம் எடுத்து, அளவு குறித்து, யார் செய்தது என்று ஊரிற் பெரியவர்களைக் கேட்டு எழுதி, கழற்றியதையும் வீசாமல் ஒரு பெட்டியில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பதே என் வேண்டுகோள். ஓட்டத்துக்குக் கேடில்லாமல் இன்னும் உழைக்கும் ஊர்ச் சாமானைக் கழற்றவே வேண்டியதில்லை. நிறத்திலும் இதே கொள்கைதான்: சட்டம் முழுவதையும் பழைய பச்சைக்கு மாற்றினாலும், தலைக்குழாயின் மறைவான பக்கத்தில் உள்ளங்கையளவு இடத்தில் அந்தச் சிவப்பும் கறுப்பும் நீலமும் படைபடையாக இருக்கும்படி விட்டுவைப்பது நல்லது.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி மறுபடி நிறுத்தப்பட்டு 2025 வரையில் அந்தத் தடை நீடித்ததையும், 2022இல் ஒரு மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு நான்கு லீற்றர் பெற்றோல் என்று அளந்து கொடுக்கப்பட்டதையும் அனுபவித்த இன்றைய இளைஞருக்கு, அறுபதுகளிலும் எழுபதுகளிலும் அவர்களுடைய மூத்தவாப்பாமார் இந்தச் சைக்கிள்களோடு பட்ட பாடு எளிதில் விளங்கும். அந்த ஐந்து வருஷங்களிற்றான் நம் பட்டறைகளில் பழையதைச் செப்பனிடும் பழக்கம் மீண்டும் உயிர்பெற்றது. கடைச்சல் இயந்திரங்கள் மறுபடி ஓடின. கொட்டிலிற் கிடந்த பான்டங்கள் பலருடைய கண்ணிற் பட்டதும் அப்போதுதான்.

சாய்ந்தமருதுப் பான்டத்தின் வேலை இன்னும் முடியவில்லை. இரண்டு எண்களும் கழகத்துக்கு எழுதி அனுப்பப்பட்டிருக்கின்றன. கழற்றிய சாமான்களின் பட்டியலை மகன் ஒரு பாடசாலைக் கொப்பியில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே அது ஊர்ச் சாமானா வெளிச் சாமானா என்று குறித்து வருகிறார். மக்னெட்டோவின் காந்தம் வலுக்குன்றியிருப்பதால் அதை மறுபடி காந்தமேற்றக் கொழும்புக்கு அனுப்ப வேண்டும். சிலிண்டர் ஏற்கெனவே பலமுறை கடையப்பட்டு, அதற்குரிய ஆகப் பெரிய பிஸ்டனும் தளர்ந்து நிற்பதால், இனி உள்ளே புதிய லைனர் ஒன்றை இறக்கித் தொழிற்சாலை வைத்த அளவுக்கே கடைந்தெடுக்க வேண்டும்; அந்த வேலையை, கடற்கரைத் தெருவில் வள்ளத்து எஞ்சின்களுக்கு லைனர் போடுகிறவர் ஒப்புக்கொண்டிருக்கிறார்.